உடனிருந்து வேலை செய்தல்: தள்ளிப்போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு செய்முறை

தேர்வுக் காலத்தில் கம்பைண்ட் ஸ்டடி என்று சொல்லிக்கொண்டு தோழியின் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து படித்தவர்களுக்கு இந்த முறை புதிதாக இராது. தனியாக இருக்கும்போது மூன்று நாளாகப் புரட்டப்படாமல் கிடந்த பாடம், எதிரே இன்னொருத்தி தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தால் ஒரே மாலையில் முடிந்துவிடும். அவள் நமக்கு எதையும் சொல்லித் தந்திருக்க மாட்டாள். வெறுமனே அங்கே இருந்திருப்பாள். இதற்கு இப்போது பாடி டபுளிங் என்ற பெயர் வழங்குகிறது, ஏ.டி.எச்.டி. என்னும் கவனக் குறைபாடு உள்ளவர்களிடையே இந்தப் பெயர் அதிகம் புழங்குகிறது. வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் நான், இரண்டு ஆண்டுகளாக இதைக் கடைப்பிடித்து வருகிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: பொருத்தமான வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்

எல்லா வேலைக்கும் இந்த முறை ஏற்றதன்று. 1898-ஆம் ஆண்டில் நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்க உளவியலாளர், சிறுவர்களைத் தனியாகவும் இருவர் இருவராகவும் தூண்டில் கயிற்றுச் சுருளைச் சுற்ற வைத்துப் பார்த்தார். உடன் ஒருவர் இருந்தபோது பலர் வேகமாகச் சுற்றினார்கள், ஆனால் சிலர் பதறிப்போய் முன்பைவிட மெதுவாகச் சுற்றினார்கள். பிறர் அருகில் இருப்பது நன்கு பழகிய செயலைத் துரிதப்படுத்தும், இன்னும் கைவராத செயலைத் தடுமாற வைக்கும் என்று 1965-இல் ராபர்ட் ஸையான்ஸ் என்ற உளவியலாளர் இதற்கு விளக்கம் தந்தார். ஆகவே செய்யத் தெரிந்தும் செய்யாமல் வைத்திருக்கும் வேலைகளையே கொண்டு வாருங்கள்: கணக்கு எழுதுதல், பிழை திருத்துதல், படித்த பாடத்தைத் திருப்பிப் பார்த்தல், பதில் போடாத மின்னஞ்சல்கள். ஒரு புதிய கலைச்சொல்லோடு மல்லுக்கட்ட வேண்டிய பத்தியை நான் எப்போதும் தனிமைக்கு ஒதுக்கி வைத்துவிடுவேன்.

இரண்டாம் படி: துணையைத் தேர்ந்தெடுங்கள்

நெருங்கிய தோழியும் வீட்டுக்காரரும் இதற்கு உதவ மாட்டார்கள் என்பது என் அனுபவம். பத்தாவது நிமிடத்தில் இட்லிக்கு ஊறப் போட்டாயா என்ற கேள்வி வந்துவிடும். ஓரளவு பழக்கமும் கொஞ்சம் கூச்சமும் உள்ள ஒருவர் போதும். இருவரும் ஒரே வேலையைப் பங்கிட்டுக்கொள்ளவும் கூடாது. பிரான்ஸைச் சேர்ந்த மேக்ஸ் ரிங்கெல்மன் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்தபோது, ஆட்கள் கூடக்கூட ஒவ்வொருவரும் இழுக்கும் விசை குறைந்துகொண்டே போனது. அவரவர் கயிறு அவரவர் கையில் இருக்கட்டும்.

மூன்றாம் படி: இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

சென்னைவாசிகளுக்கு வசதி அதிகம். 2010-இல் திறக்கப்பட்ட கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் நடுவே உட்கார்ந்தால் நமக்கும் கை தானாகப் பேனாவைத் தேடும். வெளியூரில் இருப்பவர்களுக்கு வீடியோ அழைப்பு போதும். மைக்கை அணைத்துவிட்டு, முகத்தைவிடக் கைகளும் மேசையும் தெரியும்படி கேமராவைத் திருப்பி வையுங்கள். முகம் தெரிந்தால் நம் தலைமுடியைச் சரிசெய்வதிலேயே பாதி நேரம் போய்விடும்.

தக்காளி வடிவ சமையலறைக் கடிகாரத்தை வைத்து பிரான்செஸ்கோ சிரில்லோ உருவாக்கிய பொமொடோரோ முறையில் 25 நிமிட வேலைக்கு 5 நிமிட ஓய்வு. தொடக்கத்தில் அதுவே நல்லது; பழகிய பிறகு 50 நிமிடத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

நான்காம் படி: செய்யப்போவதை வாய்விட்டுச் சொல்லுங்கள்

இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது; பலர் தவறவிடுவதும் இதைத்தான். என் துணை கணக்காளராகப் பணிபுரியும் இளம்பெண். முதல் நாள் அவர், “நீங்க என்னக்கா செய்யப் போறீங்க?” என்று கேட்டதற்கு, “மொழிபெயர்ப்புதான்” என்றேன். அவர் விடவில்லை. “எத்தனை பக்கம்?” என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை என்பதும், அதனால்தான் நான்கு நாட்களாகக் கோப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. “12-ஆம் பக்கத்திலிருந்து 15 வரை, முதல் வரைவு மட்டும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். முடிந்ததா இல்லையா என்று மற்றவர் கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடிகிற அளவுக்கு உங்கள் வாக்கியம் தெளிவாக இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பேசாமல் வேலை செய்யுங்கள்

அழைப்புக்கு மடிக்கணினியைப் பயன்படுத்திக்கொண்டு, கைபேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். என்னுடையது சமையலறையில் அரிசி டப்பாவின் மேல் இருக்கும். மின்கட்டணம் கட்டவில்லையே என்பது போன்ற நினைவுகள் வந்தால் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துவிட்டு எழுத்துக்குத் திரும்புங்கள்.

ஆறாம் படி: நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்

நேரம் முடிந்ததும் மைக்கைத் திறந்து, ஆளுக்கு ஒரு நிமிடம். நான்கு பக்கம் என்று சொல்லி இரண்டுதான் முடிந்திருந்தால் இரண்டு என்றே சொல்லுங்கள். கேட்பவர் அறிவுரை சொல்லக் கூடாது, சமாதானமும் சொல்லக் கூடாது. துணை மேற்பார்வையாளராக மாறிவிட்டால், அடுத்து அவரைச் சந்திப்பதையே நாம் தள்ளிப்போடத் தொடங்குவோம்.

ஓய்வு நேரத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. முதல் இரண்டு வாரங்களில் எங்கள் ஐந்து நிமிட ஓய்வு என் துணையின் அக்கா கல்யாணப் பேச்சில் 40 நிமிடமாக நீண்ட நாட்கள் உண்டு. இப்போது ஓய்வின்போது கேமராவையும் அணைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறோம். கல்யாணக் கதைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

ஏழாம் படி: அடுத்த நேரத்தைக் குறித்துவிட்டு எழுந்திருங்கள்

அழைப்பைத் துண்டிப்பதற்கு முன்பே அடுத்த நாளும் மணியும் முடிவாகிவிட வேண்டும். அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் அதுவும் தள்ளிப்போகும். துணை வர முடியாத நாளில், அதே மணிக்கு உங்கள் வாக்கியத்தைக் குரல் செய்தியாக அவருக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்குங்கள், முடிந்ததும் இன்னொன்று அனுப்புங்கள். அவர் இரவில்தான் கேட்பார் என்றாலும் பரவாயில்லை. என் துணை அப்படிக் கேட்டுவிட்டு அனுப்பும் பதிலில் பெரும்பாலும் ஒரு வரிதான் இருக்கும்: “சரிக்கா, நாளைக்கு ஆறே கால்.”