தசை நரம்பு நோய் உள்ளவங்களோட மூச்சு, பேச்சு, குரல எப்படி செக் பண்றது

எம்.என்.டி (தசைய இயக்குற நரம்பு செல் அழியுறது), மஸ்குலர் டிஸ்ட்ரஃபி (தசையே தேயுறது), மயஸ்தீனியா (வேல செய்ய செய்ய தச சோர்ந்துபோறது), ஜி.பி.எஸ் (கில்லன்-பாரே, திடீர்னு நரம்பு பாதிச்சு கை கால் வீக்காகுறது) மாதிரி கேஸ் பாக்க ஆரம்பிக்கிற ஸ்பீச் தெரபிஸ்ட், பிசியோ பசங்களுக்காக எழுதுறேன், வீட்ல இப்படி ஒருத்தர பாத்துக்கிறவங்களும் படிக்கலாம், பாதிக்கு மேல மெஷினே தேவையில்லாத வேலைதான்.

மொதல்ல ஒண்ணு. பேஷன்ட் உள்ள வந்ததும் ஸ்பைரோமீட்டர (ஊத வச்சு மூச்சளவு பாக்குற மெஷின்) தூக்கிட்டு ஓடாதீங்க. உக்கார வச்சு, "எப்படி வந்தீங்க, பஸ்ஸா ஆட்டோவா, காலைல என்ன சாப்ட்டீங்க"ன்னு சும்மா பேச விடுங்க, டெஸ்ட்டுன்னு சொன்ன உடனே எல்லாரும் நிமிந்து உக்காந்து நல்லா பேசிருவாங்க, அதனால சொல்றதுக்கு முன்னாடி பாக்குறதுதான் உண்மையான பேச்சு. ஒரு மூச்சுல எத்தன வார்த்த வருது? நாலு வார்த்தைக்கு ஒருக்கா நிறுத்தி மூச்சு இழுக்கிறாங்களா? வாக்கியத்தோட கடைசி காத்தா போயிருதா? மூச்சு இழுக்கும்போது கழுத்து தச பொடைக்குதா, தோள் மேல ஏறுதா? பேச்சுங்கிறதே வெளிய போற மூச்சுதானே, இது ரெண்டையும் தனித்தனி டிபார்ட்மென்ட்டா பிரிச்சு வச்சிருக்கோம், மூச்சு பிசியோவுக்கு பேச்சு எனக்குன்னு, அதுலதான் பல கேஸ் நடுவுல விழுந்துருது.

அடுத்து ராத்திரிய பத்தி கேளுங்க. பகல்ல ஒண்ணுமே தெரியாது, தூங்கும்போதுதான் மொதல்ல மூச்சு கொறையும். எத்தன தலகாணி வச்சு படுக்குறாங்க, மல்லாக்க படுக்க முடியுதா, காலைல எந்திரிச்சதும் தலவலி இருக்கா, கெட்ட கனவு வந்து முழிக்கிறாங்களா, பகல்ல டிவி முன்னாடி தூங்கி விழுறாங்களா. இத பேஷன்ட்ட கேட்டா "அதெல்லாம் இல்ல"ம்பாங்க, பக்கத்துல படுக்குற ஆள கேளுங்க. "ஒரு மாசமா ஈசி சேர்லதான் தூங்குறாரு, முதுகுவலியாம்"னு அந்தம்மா சொல்லும். முதுகுவலியா இல்லாம உதரவிதானமா, அதாங்க டயஃப்ரம், இருக்க வாய்ப்பு அதிகம்.

அதுக்குத்தான் படுக்க வச்சு பாக்கணும். மல்லாக்க படுக்க வச்சு சட்டைய கொஞ்சம் தூக்கி வயித்த பாருங்க. மூச்சு இழுக்கும்போது வயிறு மேல எழும்பணும், அதுக்கு பதிலா உள்ள குழிஞ்சா டயஃப்ரம் வேல செய்யலைன்னு அர்த்தம். ஸ்பைரோமீட்டர் இருந்தா எஃப்.வி.சி-ய (முழுசா இழுத்து வேகமா ஊதி வெளிய விடுற மொத்த காத்து) உக்காந்து ஒரு தடவ, படுத்து ஒரு தடவ எடுங்க. நார்மல் ஆளுக்கு படுத்தா 10 சதவீதத்துக்குள்ளதான் கொறையும், 25 சதவீதத்துக்கு மேல கொறஞ்சா டயஃப்ரம் வீக். உக்காந்து 2.4 லிட்டர், படுத்தா 1.7ன்னா கிட்டத்தட்ட 29 சதவீதம் போச்சு. நான் ஆரம்பத்துல ஒருத்தருக்கு உக்காந்த ரீடிங் மட்டும் எடுத்துட்டு நல்லாருக்குன்னு எழுதி அனுப்பிட்டேன், மூணு வாரத்துல அவர் ஐ.சி.யூல. அதுக்கப்புறம் படுக்க வைக்காம ஒரு ரிப்போர்ட்டும் எழுதுனதில்ல. படுக்கவே முடியலைன்னா கட்டாயப்படுத்தாதீங்க, "படுக்க முடியல"ங்கிறதே ரிசல்ட்தான், அதயே எழுதுங்க.

முகத்துல தச வீக்கா இருக்கவங்க ஸ்பைரோமீட்டர் குழாய உதட்டால இறுக்கி பிடிக்க முடியாது, ஓரத்துல காத்து ஒழுகி ரீடிங் பாதியா வரும், நெஞ்சு நல்லாதான் இருக்கும் ஆனா நம்பர் மோசமா தெரியும். மாஸ்க் மாட்டி எடுங்க. இல்லன்னா ஸ்னிப் (மூக்கால உறிஞ்சுற அழுத்தத்த அளக்குற டெஸ்ட்) இருந்தா இன்னும் நல்லது, ஒரு மூக்குத் துவாரத்துல சின்ன ப்ளக் வச்சு 'ஸ்னிஃப்'னு வேகமா உறிஞ்ச சொல்றது, வாயே வேண்டாம். ஆம்பளைக்கு 70, பொம்பளைக்கு 60 சென்டிமீட்டர் தண்ணி அழுத்தத்துக்கு மேல வந்தா பெருசா வீக்னெஸ் இல்லன்னு சொல்லலாம், 40க்கு கீழன்னா உடனே நுரையீரல் டாக்டர். ஜலதோஷம் பிடிச்ச அன்னைக்கு எடுக்காதீங்க, மூக்கடைப்புல கம்மியாதான் காட்டும்.

ஒண்ணுமே கைல இல்லயா? எண்ண சொல்லுங்க. மூச்ச முழுசா இழுத்து, ஒரே மூச்சுல, நொடிக்கு ரெண்டு நம்பர் வேகத்துல சத்தமா எண்ணணும். கட்டுவிரியன் வெஷமும் மூச்சு தசைய முடக்கும், அது கடிச்சு வர்ற கேஸுக்கு கேஷுவாலிட்டில இதத்தான் மணிக்கொருக்கா பண்ணுவாங்க. நல்ல ஆரோக்கியமான ஆள் 40, 50 வரைக்கும் போவாங்க, 20க்கு கீழ வந்தா உஷார், 15கூட வரலைன்னா அது அவசரம். ஆனா இதுல நம்மூர்ல ஒரு சிக்கல் இருக்கு யாரும் சொல்லித்தர மாட்டாங்க. தமிழ்ல பத்துக்கு மேல நம்பர் நீளமாகிட்டே போகும், "இருபத்தியேழு" சொல்ற நேரத்துல இங்கிலீஷ்ல ரெண்டு நம்பர் சின்னதா சொல்லிரலாம், அதனால தமிழ்ல எண்ணுனா நெஞ்சு நல்லாருந்தாலும் நம்பர் கம்மியா வரும். நான் பண்றது என்னன்னா ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் சொல்லி திரும்ப ஒண்ணுல இருந்து, நான் வெரல் விட்டு எத்தன பத்துன்னு எண்ணிக்குவேன். போனவாட்டி எப்படி எண்ணுனாங்களோ அப்படியே இந்தவாட்டியும், அது முக்கியம்.

இருமல மறந்துராதீங்க. பீக் ஃப்ளோ மீட்டர்ல மாஸ்க் மாட்டி பலமா இரும சொல்லுங்க. நிமிஷத்துக்கு 270 லிட்டருக்கு கீழ போனா சளி பிடிக்கிற நாள்ல தானா வெளிய தள்ள முடியாம போகலாம், இருமல் உதவி சொல்லிக்குடுக்கணும், 160க்கு கீழன்னா சும்மா இருக்கும்போதே பத்தாது. (இது பெரியவங்க கணக்கு, குழந்தைக்கு அப்படியே போடாதீங்க.)

டூஷேன் (பசங்களுக்கு வர்ற ஒரு மஸ்குலர் டிஸ்ட்ரஃபி) இருக்க பசங்க விஷயத்துல பெத்தவங்க "மூச்சு வாங்கவே மாட்டான் சார்"னு சந்தோஷமா சொல்லுவாங்க. ஓடாத பையனுக்கு எப்படி மூச்சு வாங்கும்? வீல்சேர்ல இருக்கான். அதனாலதான் கம்ப்ளெயின்ட்டுக்கு காத்திருக்காம 5, 6 வயசுல இருந்தே வருஷா வருஷம் எஃப்.வி.சி எடுத்து வைக்கணும்.

இப்ப குரல். மூச்ச இழுத்து "ஆ..."ன்னு முடிஞ்ச மட்டும் இழுக்க சொல்லுங்க, மூணு தடவ, அதுல நல்லத எடுத்துக்கோங்க, செல்போன் ஸ்டாப்வாட்ச் போதும். பெரியவங்களுக்கு 15ல இருந்து 25 நொடி வரைக்கும் வரும், 10க்கு கீழ வந்தா ஏதோ இருக்கு. ஆனா என்ன இருக்கு? நெஞ்சுல காத்தே கம்மியா, இல்ல குரல் நாண் சரியா மூடாம காத்து வீணா போகுதா? இத பிரிக்க "ஸ்ஸ்ஸ்"ன்னு குக்கர் மாதிரி ஒரு தடவ, தேனீ மாதிரி (இங்கிலீஷ் z) "ஸ்ஸ்ஸ்" சத்தத்தோட குரல் சேத்து ஒரு தடவ இழுக்க வைப்பாங்க. ரெண்டும் ஒரே அளவா கம்மியா இருந்தா மூச்சு பிரச்சன. குக்கர் நல்லா நீளமா வந்து தேனீ பாதில நின்னா, 1.4 மடங்குக்கு மேல வித்தியாசம் இருந்தா, குரல் நாண் பக்கம் பாக்கணும். நம்ம ஆளுங்களுக்கு அந்த தேனீ சத்தம் வராது, ரெண்டையும் குக்கராவே சொல்லுவாங்க, அதனால அவங்க கையையே தொண்டைல வச்சு அதிருதான்னு பாத்துக்க சொல்லுங்க, அதிரலைன்னா அந்த ரீடிங் செல்லாது.

குரலோட தன்மையையும் எழுதுங்க. காத்தா, மூக்கால வர்ற மாதிரி, தொளதொளன்னு இருந்தா தச தளர்ந்த வகை. கழுத்த நெறிச்ச மாதிரி, இழுத்து இழுத்து, மெதுவா வந்தா இறுக்க வகை. எம்.என்.டி-ல ரெண்டும் கலந்து வரும். தண்ணி குடிச்சதுக்கப்புறம் குரல் களகளன்னு ஈரமா கேட்டா குரல் நாண் மேல தண்ணி தேங்குது, விழுங்குறத உடனே செக் பண்ணணும். டெஸ்ட் நடுவுல திடீர்னு அழுதாங்கன்னா இல்ல சிரிச்சாங்கன்னா பதறாதீங்க, எம்.என்.டி-ல மனசுக்கு சம்பந்தமே இல்லாம அப்படி வரும், முடியட்டும்னு விட்டுட்டு திரும்ப ஆரம்பிங்க.

பேச்சுக்கு "பா பா பா", "தா தா தா", "கா கா கா" வேகமா சொல்ல வைங்க, அப்புறம் மூணையும் சேத்து "பா தா கா". பா உதடு, தா நாக்கு நுனி, கா நாக்கு பின்பக்கம், எது மொதல்ல மழுங்குதோ அந்த எடம் வீக். நல்ல ஆளுக்கு நொடிக்கு 5, 6 வரும். நமக்கு போனஸா ழ, ள, ட, ண இருக்கு, நாக்க மடிக்கிற எழுத்தெல்லாம் வச்சு ரெண்டு வாக்கியம் சொல்ல வைங்க, ஆனா ஊர் பழக்கத்துல ழ வராதவங்கதான் பாதி பேரு, அதனால "முன்னாடி நல்லா சொல்லுவாரா"ன்னு வீட்ல கேட்டுட்டு அப்புறம் நோய்ன்னு எழுதுங்க.

மூக்குல காத்து லீக் ஆகுதான்னு பாக்க மூக்கெழுத்தே இல்லாத வாக்கியம் வேணும். "பாப்பா கடைக்கு போச்சு", "தாத்தா புட்டு சாப்பிட்டாரு". ஒருக்கா சும்மா சொல்ல வைங்க, அடுத்து மூக்க பிடிச்சுக்கிட்டு. ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா ஓகே, மூக்க பிடிச்சதும் சத்தம் மாறுனா மேலண்ணம் மூடல. மோசமா இருந்தா பாப்பா "மாம்மா"ன்னே கேக்கும்.

மயஸ்தீனியால இதெல்லாம் காலைல ஒரு தடவ பாத்தா நார்மலா வந்துரும். 1ல இருந்து 100 வரைக்கும் எண்ண வைங்க, போகப்போக குரல் மூக்குக்கு ஏறலாம், கண் இமையும் எறங்கலாம். மாத்திர போட்டு எவ்வளவு நேரமாச்சுன்னும் கண்டிப்பா எழுதுங்க, அது இல்லாம அந்த ரீடிங்குக்கு அர்த்தமே கிடையாது.

எவ்வளவு புரியுதுங்கிறத வீட்டாள்கிட்ட கேக்காதீங்க, அவங்களுக்கு முனகுனாலே புரியும். பத்து வாக்கியம் படிக்க வச்சு ரெக்கார்ட் பண்ணி, முன்ன பின்ன தெரியாத ஒருத்தர்கிட்ட போட்டுக்காட்டி எழுத சொல்லுங்க. ஃபோன்ல கேஸ் சிலிண்டர் புக் பண்ண முடியுதான்னு கேளுங்க, மொதல்ல அடி வாங்குறது அதுதான். வேகத்துக்கு இங்கிலீஷ் கணக்கு, நிமிஷத்துக்கு 190 வார்த்த நார்மல், 125க்கு வந்தா மாற்று வழில பேசுறதுக்கு ஏற்பாடு பண்ண ஆரம்பிக்கணும், ஏன்னா அதுக்கப்புறம் புரியுறது மடமடன்னு எறங்கும். தமிழுக்கு இது ஒத்துவராது, "வந்துக்கிட்டிருக்காங்க" நமக்கு ஒரே வார்த்த. நான் அசை எண்ணி, அவங்களோட மொத ரெக்கார்டிங்ல மூணுல ரெண்டு பங்குக்கு எறங்குனா மாற்று வழிய பத்தி பேச ஆரம்பிச்சிருவேன், இது என் கணக்குதான், நீங்க வேற வச்சிக்கலாம்.

ஆக்ஸிமீட்டர பத்தி கொஞ்சம் கோவமாவே சொல்றேன். வெரல்ல மாட்டி 97 இருக்குன்னு நிம்மதியா போயிர்றாங்க. இந்த நோய்ல நுரையீரல் நல்லாருக்கும், காத்த இழுக்குற பம்புதான் வீக், அதனால கரியமில வாயு ரத்தத்துல சேந்துட்டே இருக்கும், ஆக்ஸிஜன் கடைசிலதான் எறங்கும். சந்தேகம் இருந்தா காலைல பிளட் கேஸ் (ரத்தத்துல இருக்க வாயு அளவ பாக்குற டெஸ்ட்) எடுக்க சொல்லுங்க, கார்பன் டை ஆக்ஸைடு 45 mmHg-க்கு மேல இருந்தா அது பைபாப் (மாஸ்க் வழியா மூச்சுக்கு சப்போர்ட் குடுக்குற மெஷின்) பத்தி பேசவேண்டிய நேரம். வெறும் ஆக்ஸிஜன் மட்டும் வச்சு விட்டா நம்பர் 99ன்னு அழகா காட்டும், உள்ள கரியமில வாயு இன்னும் ஏறி ஆள் தூங்கிட்டே போயிரலாம். ஆக்ஸிஜன் தப்புன்னு சொல்லல, மூச்சுக்கு சப்போர்ட் இல்லாம, பிளட் கேஸ் பாக்காம வைக்கிறதுதான் தப்பு. ஜி.பி.எஸ்-னா இன்னும் வேகம், எஃப்.வி.சி கிலோவுக்கு 20 மில்லிக்கு கீழ வந்தா, 60 கிலோ ஆளுக்கு 1.2 லிட்டர், வார்டுல வச்சிருக்க வேண்டிய கேஸ் இல்ல. ஒரு வார்த்தைக்கு மேல பேச முடியல, குழப்பமா பேசுறாங்க, எச்சில விழுங்க முடியல, இதுல ஒண்ணு இருந்தாலும் டெஸ்ட்ட நிறுத்திட்டு உடனே எமர்ஜென்சிக்கு கெளம்புங்க.

மொத நாளே ஒரு காரியம் பண்ணிருங்க. ஃபேன ஆஃப் பண்ணிட்டு, கதவ சாத்திட்டு, ஃபோன வாய்ல இருந்து ஒரு ஜான் தள்ளி வச்சு அஞ்சு நிமிஷம் பேச வச்சு ரெக்கார்ட் பண்ணுங்க. அடுத்த தடவ ஒப்பிட அதுதான் அளவுகோல். எம்.என்.டி-ன்னா பின்னாடி பேச்சு போனாலும் அவங்க குரல் கைல இருக்கட்டும்னு வீட்லயும் நெறைய ரெக்கார்ட் பண்ண சொல்லிருங்க, பேரப்பசங்க பேரு, "சாப்ட்டியா", "ஏய் இங்க வா", திட்டுறது உட்பட. ஒருத்தரோட வீட்டுக்காரம்மா திட்டுறத மட்டும் வேணாம்னுட்டாங்க, ஆறு மாசம் கழிச்சு அவங்களே வந்து அது இருக்கான்னு கேட்டாங்க.