லென்டிவைரஸ் துகளும் திருப்பூர் லேபிளும்: முதல்முறை செய்பவர்களுக்கு

குளுக்கோஸைக் கையாள உதவும் ஜி6பிடி என்னும் நொதி நம் செல்களில் ஏற்கெனவே இருக்கிறது. அப்படியிருக்க, வெளியிலிருந்து செலுத்திய ஜி6பிடி மரபணு வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? திருப்பூரில் ஒரே துணியில் தைத்த ஆயிரம் பனியன்களுக்கு நடுவே நம்முடையதைக் காட்டிக்கொடுப்பது கழுத்தில் தைத்த லேபிள்தானே? இங்கே லேபிளின் பெயர் ஃபிளாக். நொதியின் வால்பகுதியில் ஒட்டிய வெறும் 8 அமினோ அமிலங்கள்.

மரபணுவைச் சுமந்துவரும் லென்டிவைரஸ் துகள் ஹெச்ஐவி-1 வைரஸிலிருந்து உருவாக்கப்பட்டது. பெருகத் தேவையான மரபணுக்கள் அதில் இல்லை. செல்லுக்குள் புகுந்து, சுமையைக் குரோமோசோமில் சேர்ப்பதோடு சரி. கையில் ஊசி குத்தினால் உங்கள் குரோமோசோமிலும் சேரக்கூடும் என்பதால் இரட்டைக் கையுறை, இரண்டாம் நிலைப் பாதுகாப்புக் கூடம், நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி மூன்றும் கட்டாயம்.

பார்சல் உலர்பனியில் வரும். கோவையில் சித்திரை வெயில் கொளுத்தும்போது, பெட்டியில் பனி மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள். துகள்களைப் பனிக்கட்டிமேல் வைத்து உருக்கி, அன்றைக்கே சிறு குழாய்களில் பங்கிட்டு மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். சிக்கனம் என்று நினைத்து ஒரே குழாயை மூன்று முறை உருக்கி உறையவைத்தவன் நான். மூன்றாம் முறை ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டு வாரம் செல்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது கணக்கு. 24 குழித் தட்டில் ஒரு குழிக்கு 50,000 ஹெச்இகே 293 செல்கள் (மனிதச் சிறுநீரகத்திலிருந்து வந்த, ஆய்வகத்தில் வளரும் செல்கள்) இடுங்கள். மறுநாள் ஒரு குழியை எண்ணிப் பாருங்கள். 1 லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செல்லுக்கு 5 துகள் என்றால் 5 லட்சம் வேண்டும். குழாயில் மில்லிலிட்டருக்கு 1 கோடி இருந்தால் 50 மைக்ரோலிட்டர் போதும். செல்லுக்கு ஒன்று போதாதா என்று கேட்கலாம். சோளத்தை வீசி விதைத்தால் ஓரிடத்தில் நான்கு விழும், ஓரிடத்தில் ஒன்றும் விழாது. அதுபோல, செல்லுக்கு ஒன்று வீதம் இட்டால் 100 செல்களில் சுமார் 37 வெறுமையாக நிற்கும்.

துகளோடு மில்லிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம் பாலிபிரீன் சேருங்கள். செல்லும் துகளும் ஒன்றையொன்று விலக்கும் மின்னேற்றத்தை அது தணிக்கும். மறுநாள் செல்கள் வளரும் திரவத்தை (ஊடகத்தை) மாற்றுங்கள். கழிவில் பத்தில் ஒரு பங்கு பிளீச் ஊற்றி அரைமணி நேரம் விட்டபிறகே கொட்ட வேண்டும்.

துகளில், செல்களைக் கொல்லும் பியூரோமைசின் மருந்தை எதிர்க்கும் மரபணு இருந்தால், 48 மணி நேரம் கழித்து அந்த மருந்தைக் கொடுக்கலாம். எவ்வளவு என்பதை, துகள் படாத செல்களில் முன்கூட்டியே சோதித்துவையுங்கள். மருந்து கொடுக்கும்போதும் துகள் படாத குழி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். அது முழுக்கச் சாகும்வரை விடாதீர்கள்.

தப்பிய செல்களை உடைத்து வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் சோதனை) ஓட்டி, ஃபிளாக் லேபிளில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியைப் போடுங்கள். 60 கிலோடால்டன் (புரத எடையின் அளவு) அருகே ஒரு பட்டை தெரிய வேண்டும். துகள் படாத செல்லின் தடத்தில் அவ்விடம் காலியாக இருக்க வேண்டும். அங்கும் பட்டை தெரிந்தால், குழாய்களின் மேல் நீங்கள் எழுதிய பெயர்களை மறுபடி படித்துப் பாருங்கள்.