'ஐடில்வைல்ட்' ஆல்பத்தை மறுபடி கேட்கும்போது செய்யக்கூடாதவை

அமெரிக்காவின் அட்லாண்டாவைச் சேர்ந்த ராப் ஜோடி அவுட்காஸ்ட் (ஆண்ட்ரே 3000, பிக் பாய்) சேர்ந்து வெளியிட்ட கடைசி ஆல்பம் 'ஐடில்வைல்ட்'. 2006 ஆகஸ்டில் வந்தது. வந்த கையோடு பலர் 'சுமார்தான்' என்று ஓரங்கட்டினார்கள். நானும்தான். இப்போது அதைத் தூசி தட்டிக் கேட்பவர்களில் பாதிப் பேர், காதில் இதை ஓடவிட்டு மனசுக்குள் முந்தைய ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முந்தையது லேசுப்பட்டதும் இல்லை. 2003இல் வந்த அந்த இரட்டை ஆல்பம் கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதை வாங்கியது. அதிலிருந்த 'ஹே யா' ராப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களுக்கும் தெரிந்த பாட்டு. 'அந்த மாதிரி ஒன்று இதில் எங்கே?' என்று டிராக் டிராக்காகத் தள்ளிக்கொண்டே போனதுதான் 2006இல் நான் செய்த காரியம். அப்படித் தேடினால் எதுவும் சிக்காது.

அடுத்த தவறு, 'இது படப் பாட்டுதானே' என்று நினைப்பது. அதே பெயரில், 1930களில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடக்கும் படம் ஒன்று அதே மாதம் வந்தது உண்மை, இருவரும் நடித்தார்கள். ஆனால் படத்தில் வரும் சில பாட்டுகள் 2003 ஆல்பத்தைச் சேர்ந்தவை. இந்த ஆல்பத்தில் இருக்கும் பல பாட்டுகளுக்குப் படத்தில் இடமே இல்லை. படம் சொதப்பல் என்று தோன்றினால் அந்தக் கடுப்பைப் படத்தோடு விட்டுவிடுங்கள்.

இந்தக் குழப்பத்தில் அதிகம் அடிபடுவது 'மோரிஸ் பிரவுன்' பாட்டு. ஊதுகுழல்கள் முழங்குவதைக் கேட்டதும், 'சரி, பழைய ஜாஸ் வேஷம்' என்று தாண்டிப் போய்விடுகிறோம். அது ஜாஸே இல்லை. அட்லாண்டாவில் 1881இல் கறுப்பின மக்களே தொடங்கிய மோரிஸ் பிரவுன் கல்லூரியின் அணிவகுப்பு இசைக்குழு அது. வழக்கமான ராப் பீட் இருக்க வேண்டிய இடத்தில் மைதானத்து முரசுகள் உருள்கின்றன. நல்ல ஹெட்போனில், சொற்களை விட்டுவிட்டு அந்த முரசுகளை மட்டும் ஒருமுறை பின்தொடர்ந்து பாருங்கள். பாட்டு வந்தபோது அந்தக் கல்லூரி அங்கீகாரத்தை இழந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. திரும்பக் கிடைத்தது 2022இல்தான். சொந்த ஊர்க் கல்லூரி தள்ளாடிய நாளில் அதன் பெயரையே பாட்டுக்கு வைத்திருக்கிறார்கள். முதல் தடவை கேட்டபோது இது எனக்குத் தெரியாது.

'இரண்டு பேரும் அப்போதே பிரிந்துவிட்டார்கள், இது ஒட்டுப்போட்ட ஆல்பம்' என்ற கதையையும் இதே பாட்டு கொஞ்சம் ஆட்டிவிடுகிறது. இசையமைத்தவர் ஆண்ட்ரே 3000, ராப் செய்பவர் பிக் பாய். பெரும்பாலான பாட்டுகளில் ஆளுக்கொரு திசை என்பது நிஜம்தான். அதற்காக எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் எழுத முடியாது.

அப்புறம், ஷஃபிளில் போடாதீர்கள்.

எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறுதான். வருஷங்கள் கடந்ததும், 'யாருக்கும் புரியாமல் போன மாபெரும் படைப்பு' என்று தூக்கி வைத்துக் கொண்டாடும் ஆசை வரும். பாடகி ஜனெல் மொனே பிற்பாடு பெரிய ஆளானார். அவர் குரல் இதில் இரண்டு பாட்டுகளில் வருகிறது என்பதற்காக ஆல்பத்துக்குத் தீர்க்கதரிசனப் பட்டம் எல்லாம் கொடுக்க வேண்டாம். மொத்தம் 25 டிராக், முக்கால்வாசி வட்டு நிரம்பினாலே போதும் என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். நடுவே வரும் பேச்சுத் துண்டுகளில் சில இன்றைக்கும் வெறும் இடைஞ்சல்தான். கடைசி டிராக் 'எ பேட் நோட்', எட்டு நிமிடத்துக்கு மேல் இழுத்துக்கொண்டே போகும் கிதார். இத்தனை தடவை கேட்டும் அதை ஒரே மூச்சில் என்னால் முடிக்க முடிந்ததில்லை.