கட்சி பின்னால் இல்லாமல் கவுன்சிலர் தேர்தலில் நிற்பது எப்படி?

கட்சி இல்லை, பணபலம் இல்லை, மேடையேறிப் பேசிப் பழக்கமும் இல்லை. அப்படிப்பட்டவரும் உள்ளாட்சித் தேர்தலில் தைரியமாக நிற்கலாம். காரணம், வார்டு சின்னது. ஒரே ஆள் எல்லா வீட்டுப் படியும் ஏறி இறங்கிவிட முடியும்.

1. பதவியைத் தெரிந்துகொள்ளுங்கள்

மன்றக் கூட்டத்தைப் பார்க்க அனுமதி உண்டென்றால் இரண்டு மூன்று தடவை போய் உட்காருங்கள். பட்ஜெட்டை வாங்கிப் படியுங்கள். மன்றத்துக்கு அதிகாரமே இல்லாத விஷயத்தில் வாக்குறுதி கொடுத்தால், எதிராளி முதல் நாளே பிடித்துவிடுவார்.

2. தகுதி

வயது, வாக்காளர் பதிவு, அரசு வேலை, மன்றத்தோடு ஒப்பந்தம், வரி பாக்கி. விதிகள் ஊருக்கு ஊர் மாறும். தேர்தல் ஆணையத்தின் வேட்பாளர் கையேட்டைப் படியுங்கள். தெரிந்தவர் சொன்னார் என்று நம்பாதீர்கள்.

3. ஓட்டுக் கணக்கு

போன தேர்தல் முடிவை எடுங்கள். வார்டில் 1,200 வாக்காளர்கள், 70 சதவீதம் வாக்குப்பதிவு என்றால் 840 ஓட்டு. மும்முனைப் போட்டியில் 350 கிடைத்தாலே பெரும்பாலும் ஜெயிக்கலாம். கடைசி ஓட்டுவரை துரத்த வேண்டும்: 2008 ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலில் மாநிலக் காங்கிரஸ் தலைவராக இருந்த சி.பி. ஜோஷி நாத்துவாராவில் ஒரே ஓட்டில் தோற்றார்.

4. வீடு வீடாகப் போங்கள்

மெனக்கெட வேண்டிய இடம் இதுதான். வாக்காளர் பட்டியலைத் தெரு வாரியாகப் பிரித்து அட்டையில் கிளிப் போட்டு எடுத்துப் போங்கள். பெயர், எதற்கு நிற்கிறீர்கள், அவ்வளவுதான் உங்கள் பேச்சு. அதன்பின் "இந்தத் தெருவில் முதலில் எதைச் சரிசெய்யணும்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். வாசலை விட்டு நகர்ந்ததும் பெயருக்கு நேரே குறியுங்கள்: 1 உறுதி, 2 யோசிக்கிறார், 3 எதிரணி. சிரித்துத் தலையாட்டியவர்களை எல்லாம் 1-ல் சேர்க்காதீர்கள். அவர்கள் எல்லா வேட்பாளருக்கும் தலையாட்டுவார்கள்.

நோட்டீஸும் போனும் போதாதா என்பீர்கள். 1998-ல் அமெரிக்காவின் நியூஹேவன் நகரில் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற அரசியல் ஆய்வாளர்கள் இருவரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நேரில் போய்ப் பேசியது வாக்குப்பதிவைத் தெளிவாகக் கூட்டியது. கடிதம் கொஞ்சம்தான் உதவியது. போனில் பேசியதற்குப் பலனே தெரியவில்லை. அவர்கள் அளந்தது ஓட்டுப் போட வந்தார்களா என்பதை மட்டுமே. யாருக்குப் போட்டார்கள் என்பதை அல்ல. ஆனாலும் ஆதரவாளரைச் சாவடிக்கு வரவைப்பதுதானே பாதி வேலை!

5. வேட்புமனு

பெயர் பட்டியலில் உள்ளபடியே இருக்கட்டும். முன்மொழிபவரும் பட்டியலில் இருக்கிறாரா, வேறு யாருக்காவது கையெழுத்துப் போட்டுவிட்டாரா என்று பாருங்கள். கூடுதலாக ஓரிருவரைத் தயாராக வையுங்கள். கடைசி நாளில் போனால் பிழை திருத்த நேரம் இருக்காது. டெபாசிட் ரசீது பத்திரம்.

6. செலவுக் கணக்கு

முதல் நோட்டீஸிலிருந்தே எழுதுங்கள். தோற்றவர்களும் கணக்குக் காட்ட வேண்டிய இடங்கள் உண்டு. காட்டாவிட்டால் அடுத்த தேர்தலில் நிற்கவே தடை வரலாம்.

7. வாக்குப்பதிவு நாள்

மறுபடியும் அதே பட்டியல். மதியத்துக்குமேல், இன்னும் ஓட்டுப் போடாத '1' ஆட்களை மட்டும் நினைவூட்டி அழைத்தால் போதும். '3' பக்கம் போகவே வேண்டாம். எண்ணும் இடத்தில் விதி தெரிந்த ஏஜென்ட் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். வித்தியாசம் குறைவாக இருந்தால், முடிவை அறிவிப்பதற்கு முன்பே மறுஎண்ணிக்கை கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டியவர் அவர்தான்.