அடி இலை ஓரம் கருகுகிறதா? தண்ணீர் பாய்ச்சும் முன் இதைப் பாருங்கள்

முதிர்ந்த அடி இலைகளின் ஓரம் மட்டும் மஞ்சளாகி, நெருப்புப் பட்டதுபோல் கருகி, நடு நரம்பை ஒட்டிப் பச்சை மிஞ்சியிருந்தால் பெரும்பாலும் சாம்பல் சத்து (பொட்டாசியம்) குறைவுதான். பற்றாக்குறை வந்ததும் பயிர் பழைய இலையிலிருந்து பொட்டாசியத்தை உருவிக் குருத்துக்கு அனுப்பிவிடும். அதனால்தான் கீழிருந்து தொடங்குகிறது. பலர் தண்ணீர் இல்லாமல் காய்கிறது என்று நினைத்து மடையைத் திறந்துவிடுகிறார்கள். மணற்பாங்கான நிலத்தில் அது இருக்கிற சத்தையும் கீழே இறக்கிவிடும். அங்கே பொட்டாசியம் தரும் பொட்டாஷ் உரத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு மூன்று தவணையாகப் பிரித்துப் போடுங்கள். மியூரேட் ஆஃப் பொட்டாஷ் என்ற பொட்டாஷ் வகையில் குளோரைடும் சேர்ந்தே வரும். புகையிலைக்கு அது ஆகாது, சல்பேட் வகைதான் சரி.

இன்னொன்று: நெல் எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் நிற்கிறது. வைக்கோலை வெளியே ஏற்றிவிட்டால், அடுத்த போகத்து உரக்கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.