மழலையர் ஆசிரியர் பயிற்சி ப்ராஜெக்ட்: குழந்தைகளைக் கவனித்துக் குறிப்பெடுப்பது எப்படி?

பயிற்சி முடிகிற நேரத்தில் "சின்னதாக ஒரு ஆய்வு செய்" என்பார்கள். எனக்கும் சொன்னார்கள். முதல் இரண்டு வாரம் எடுத்த குறிப்புகள் அத்தனையும் குப்பைக்குப் போயின. மறுபடி உட்கார்ந்து செய்தபோது பிடிபட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். முன்னுரை, முந்தைய ஆய்வுகள் போன்றவற்றை வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள் என்பதால் விட்டுவிட்டேன்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

"விளையாட்டும் குழந்தை வளர்ச்சியும்" வெறும் தலைப்புதான். "கட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டினால், நான்கு வயதுக் குழந்தைகள் சேர்ந்து விளையாடுவது மாறுகிறதா?" என்றால் கேள்வி. வகுப்பறையில் ஒரு மூலை, ஒரு வயது, ஒரு மாற்றம் போதும்.

படி 2: அனுமதி

பள்ளியிடமும் பெற்றோரிடமும் எழுத்தில் வாங்குங்கள். குழந்தையிடமும் கேளுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ தள்ளிப் போனாலோ அன்றைக்கு அந்தக் குழந்தையை விட்டுவிடுங்கள். நோட்டில் பெயர் கூடாது. கு1, கு2 என்று போதும்.

படி 3: பார்த்ததை மட்டும் எழுதுங்கள்

நான் சறுக்கிய இடம் இது. என் பழைய நோட்டில் ஒரு வரி: "கு4 பொறாமையில் கு7-இன் கோபுரத்தைத் தட்டிவிட்டான்." வழிகாட்டி "பொறாமையில்" என்ற சொல்லைச் சுழித்து, "இதை எங்கே பார்த்தாய்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் நான் பார்த்தது இவ்வளவுதான்: "கு4 எழுந்தான். கதவுப் பக்கம் திரும்பினான். முழங்கை பட்டுக் கோபுரம் விழுந்தது. கு7-ஐப் பார்த்தான். ஒரு கட்டையை எடுத்து நீட்டினான்." நீட்டிய கட்டை என் பழைய வரியில் இல்லவே இல்லை. பொறாமை என்று முடிவுகட்டிய பிறகு, நான் அதற்குமேல் பார்க்கவில்லை.

பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் கை, கால், கண், வாய் செய்தது. பேசியதை அப்படியே எழுதுங்கள். வலப்பக்கம் உங்கள் ஊகம், அதுவும் அன்று மாலையில். "சந்தோஷமாக", "அடம்பிடித்து", "வேண்டுமென்றே" ஆகிய மூன்றில் எது இடப்பக்கம் வந்தாலும் அடித்துவிடுங்கள்.

இதற்கு நோட்டும் பென்சிலும்தான் சரி. ஆப் வைத்துப் பார்த்தேன். போனை எடுத்ததும் மூன்று பேர் மடியில் ஏறிவிட்டார்கள்.

படி 4: எண்ணுங்கள்

அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளை ஒவ்வொரு நிமிடமாகக் கவனித்து ஆறு வகையாகப் பிரித்தார்: எதிலும் ஈடுபடாமல் இருப்பது, வேடிக்கை பார்ப்பது, தனியாக ஆடுவது, பக்கத்தில் இருந்தும் அவரவர் பாட்டுக்கு ஆடுவது, கலந்து ஆடுவது, ஒரே நோக்கத்தோடு கூடி ஆடுவது. நமக்கும் இது போதும். பத்துக் குழந்தைகளை எடுத்துக்கொண்டு, சீட்டுப் போட்டு வரிசையை முடிவுசெய்து, ஆளுக்கு ஒரு நிமிடம் பார்த்து, எந்த வகை என்று குறியிடுங்கள். அடுத்த நாள் வரிசையை மாற்றுங்கள். இல்லாவிட்டால் கடைசிக் குழந்தை தினமும் களைத்த நேரத்திலேயே அகப்படும். தனியாக ஆடுகிற குழந்தை பின்தங்கியது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஆழ்ந்து கட்டுகிறவளும் தனியாகத்தான் இருப்பாள்.

படி 5: இன்னொரு ஜோடிக் கண்

தோழி ஒருத்தியை அழைத்து, ஒரே நேரத்தில் தனித்தனியாகக் குறியிடுங்கள். 50 குறிகளில் 43 ஒத்துப்போனால் 86 சதவீதம். 80-க்குக் கீழே போனால் பெரும்பாலும் வகைகளின் விளக்கம்தான் குழப்பமாக இருக்கும். எங்களுக்கு இடித்தது "கலந்து", "கூடி" இரண்டும்தான். "யார் என்ன செய்வது என்று பிரித்துக்கொண்டார்களா?" என்ற ஒரு கேள்வியைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது.

பின்சேர்க்கை: "குழந்தை வந்து என்ன எழுதுறீங்கன்னு கேட்டா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். உண்மையைச் சொல்லுங்கள்: "நீங்க எப்படி விளையாடுறீங்கன்னு எழுதறேன்." நோட்டையும் காட்டுங்கள். முதல் இரண்டு நாள் கூட்டம் கூடும். அந்த நாட்களின் குறிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.