தக்காளியைவிட கெச்சப் மலிவா? விலைக் கணக்கிலும் அடுப்படியிலும் நாம் தவறும் இடங்கள்

2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 150 ரூபாயைத் தாண்டிப் போனது பலருக்கும் நினைவிருக்கும். அரசே கொள்முதல் செய்து நகரத்தின் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. அந்த நாட்களில் சைதாப்பேட்டையில் எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் ஒரு கிலோ கெச்சப் பை அந்தத் தக்காளியைவிடக் குறைந்த விலைக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழத்தை வாங்கி, அரைச்சு, காய்ச்சி, சர்க்கரை போட்டு, பையில அடைச்சு, லாரியில ஏத்தி, டிவியில விளம்பரமும் குடுத்து, அதுக்கப்புறமும் பழத்தைவிட மலிவா எப்படி குடுக்கிறான்?"

நியாயமான கேள்வி. கடையில் நின்றிருந்தவர்கள் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள்: அழுகல் தக்காளி, பூசணிக்காய், எல்லாம் கெமிக்கல். இப்படி நம்பிக்கொண்டு சிலர் நல்ல பொருளை ஒதுக்குகிறார்கள். வேறு சிலர் விலை ஏறியதும் கெச்சப்பை எடுத்து ரசத்தில் ஊற்றுகிறார்கள். இரண்டுமே வேண்டாம்.

ஒரு நாள் விலையை ஒரு பருவ விலையோடு ஒப்பிடுவது

முதல் தவறு இதுதான், மற்ற எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன. தள்ளுவண்டியில் நாம் கொடுப்பது அன்று காலையின் விலை. கெச்சப்புக்குக் கொடுப்பது, அந்தத் தக்காளி எந்த வாரத்தில் மலிந்து கிடந்ததோ அந்த வாரத்தின் விலை.

கோயம்பேட்டுக்குத் தக்காளி மதனப்பள்ளி, புங்கனூர், பலமனேர் பக்கமிருந்தும், கோலார் பக்கமிருந்தும், நம் கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்தும் வருகிறது. பகலில் பறித்த பழம் பெட்டியில் ஏறி, இரவோடு இரவாக வந்து, விடியுமுன் கைமாறி, 7 மணிக்கு நம் தெருவில் நிற்க வேண்டும். அங்கே மூன்று நாள் விடாமல் மழை பெய்தால் வயலில் கால் வைக்க முடியாது, பழம் வெடித்துவிடும், வரும் லோடு பாதியாகும். இங்கே கொதிக்கும் ரசச் சட்டிகளின் எண்ணிக்கை குறைவதில்லை. மிஞ்சி வந்த பழத்துக்கு எல்லாரும் போட்டி போடும்போது விலை துள்ளத்தான் செய்யும்.

எங்கள் தெருவில் வண்டி தள்ளும் அம்மா பெட்டியைக் கவிழ்க்கும்போது நின்று பார்த்திருக்கிறேன். 15 கிலோ பெட்டி. மேல் அடுக்கு பளபளவென்று இருக்கும். அடியில் நசுங்கியது, காம்போரம் கறுத்தது, விரல் வைத்தால் உள்ளே போவது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனியாகத் தள்ளுவார். சில நாள் ஒரு கிலோ, மழை நாளில் இரண்டு கிலோவுக்கு மேல். அதைக் கூறு கட்டி வந்த விலைக்குக் கொடுத்துவிடுவார். "இத்தையும் சேத்துதானேம்மா காசு குடுத்து எடுத்தேன்," என்பார். அந்த நசுங்கிய பழத்தின் விலையையும் நாம் வாங்கும் நல்ல பழம்தான் சுமக்கிறது. ரிசர்வ் வங்கி 2024இல் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்று, தக்காளிக்கு நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது சுமார் 33 பைசா என்று கணக்கிட்டது. மீதி வண்டி வாடகை, கமிஷன், ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, சேதாரம், இடையில் நிற்பவர்களின் லாபம் என்று போகிறது. ஆகவே வண்டிக்கார அம்மாவிடம் "கெச்சப்பே உன்னைவிட மலிவு" என்று பேரம் பேசுவது சரியில்லை. அவர் விற்பது இன்றைக்குள் விற்றாக வேண்டிய பொருள்.

ஆலையின் கணக்கு வேறு. பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் ஒரே நேரத்தில் விளைச்சல் குவியும்போது கிலோ மூன்று, நான்கு ரூபாய்க்கு இறங்கிவிடும். பறிகூலியும் பெட்டி வாடகையும்கூடத் தேறாது என்று செடியிலேயே விட்டு, ஆடு மாடுகளைத் திறந்துவிடும் விவசாயிகளை நாம் செய்தியில் பார்க்கிறோம். ஆலைகள் ஓடுவது இப்படிப் பழம் குவியும் காலத்தில்தான். வாங்கி, சூடாக்கி, தோலும் விதையும் நீக்கி, காற்றழுத்தம் குறைந்த கொப்பரையில் தண்ணீரை வற்றவைத்து விழுதாக்கி, கிருமி நீக்கிய பைகளில் நிரப்பிப் பெரிய பீப்பாய்களில் வைத்துவிடுகிறார்கள். குளிர்பதனமே இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் தாங்கும். இந்த முறையைப் பெரிய அளவுக்குக் கொண்டுவந்ததற்காக அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகப் பேராசிரியர் பிலிப் நெல்சனுக்கு 2007இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. கிருஷ்ணகிரியின் மாம்பழக்கூழ் கப்பலேறுவதும் இப்படிப்பட்ட பைகளில்தான்.

ஆக, ஜூலை மாதத்துக் கெச்சப்பில் இருப்பது ஜூலை மாதத்துத் தக்காளி அல்ல. பெருமழையில் கோயம்பேடு தவித்த வாரத்திலும் அந்தப் பீப்பாய்க்குள் விலை ஏறவில்லை.

எல்லாத் தக்காளியும் ஒன்றே என்று நினைப்பது

நாம் வாங்கும் நாட்டுத் தக்காளி புளிப்புக்கு, பெங்களூர் தக்காளி தாங்குவதற்கு. விழுதுக்கென்றே வளர்க்கும் ரகங்கள் வேறு. தோல் தடிப்பாக, சதை கெட்டியாக, தண்ணீர் குறைவாக இருக்கும். செடி குட்டையாக நின்று ஏறக்குறைய ஒரே நேரத்தில் மொத்தமாகப் பழுக்கும். 1950களிலும் 60களிலும் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக வளாகத்தில் ஜாக் ஹன்னா இயந்திரத்தின் அடியைத் தாங்கும் தக்காளியையும், கோபி லோரன்சன் அதைப் பறிக்கும் இயந்திரத்தையும் உருவாக்கினார்கள். இயந்திரம் செடியையே அடியோடு அறுத்து, உலுக்கி, பழத்தைப் பிரித்து லாரியில் கொட்டிவிடும். நம்மூரில் ஒரே வயலில் வாரக்கணக்கில் திரும்பத் திரும்பக் குனிந்து கையால் பறிக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 2023இல் ஆலைகள் கொடுத்த ஒப்பந்த விலை அதுவரை இல்லாத உச்சம்: டன்னுக்கு 138 டாலர். அவர்களுடைய டன் 907 கிலோ. அன்றைய ரூபாய் மதிப்பில் கிலோ 13 ரூபாய்கூட ஆகவில்லை.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தக்காளியில் 100க்கு 94, 95 பங்கு தண்ணீர். சாறில் கரைந்திருக்கும் சத்து 4 சதவீதம் உள்ள பழத்தைக் கொண்டு அந்தச் சத்து 28 சதவீதமாகச் செறிந்த விழுது 100 கிலோ எடுக்க ஏறத்தாழ 700 கிலோ பழம் வேண்டும். 5 சதவீதம் உள்ள பழமென்றால் 560 கிலோ போதும். வித்தியாசமான 140 கிலோவும் வெறும் தண்ணீர். அதை ஏற்றி வர டீசல், வற்றவைக்க எரிபொருள். "விலை சரியும்போது பக்கத்திலேயே ஒரு ஆலை வைத்தால் முடிந்தது" என்று எளிதாகச் சொல்லிவிட முடியாததன் காரணங்களில் இது ஒன்று. இன்னொன்று, சந்தையில் விலை ஏறும் வாரத்தில் விவசாயி ஆலைக்குக் கொடுக்க மாட்டார். கொடுக்கவும் கூடாது, நட்டத்தில் விட்டதை அவர் எடுக்கும் வாரம் அது. தக்காளி, வெங்காயம், உருளை விலையின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்க என்று மத்திய அரசு 2018-19 பட்ஜெட்டில் 500 கோடி ரூபாயில் 'ஆபரேஷன் கிரீன்ஸ்' திட்டத்தை அறிவித்தது. அதற்குப் பிறகும் 2021 நவம்பர் மழையிலும் 2023 ஜூலையிலும் விலை எகிறத்தான் செய்தது.

கிலோவுக்குக் கிலோ கணக்குப் போடுவது

ஒரு கிலோ கெச்சப் என்றால் ஒரு கிலோ தக்காளி என்று பொருளில்லை. எங்கள் வீட்டுப் பையின் பின்புறத்தில் முதலில் தண்ணீர், அடுத்து சர்க்கரை, அதன் பிறகுதான் தக்காளி விழுது, 28 சதவீதம். பொருள்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எழுத வேண்டும் என்பது சட்டம், ஆகவே அந்த வரிசையே எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஒரு கிலோவில் 280 கிராம் விழுது. அந்த விழுது 28 சதவீதச் செறிவு கொண்டதென்றால் முழுப் பழத்தின் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை கிலோ. கிலோ 5 ரூபாய்க்கு வாங்கிய பழம் என்றால் மொத்தக் கெச்சப்பிலும் தக்காளிக்கான செலவு 8 ரூபாய் அளவுதான். நீங்கள் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி சர்க்கரை, பை, லாரி, விளம்பரம், கடைக்காரர் லாபம், வரி.

இதை வீட்டில் சோதித்துப் பார்த்தேன். இரண்டு கிலோ பெங்களூர் தக்காளியை அரைத்து, வடிகட்டி, அடி கனத்த எவர்சில்வர் சட்டியில் ஏற்றினேன். முதல் 20 நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல் இருந்தது. அப்புறம் ஓரங்களில் சிவப்புக் கோடு விழுந்தது, பிறகு அடுப்பு முழுக்கத் தெறிக்க ஆரம்பித்தது. ஒன்றேகால் மணி நேரம் கிளறியபின் கரண்டியால் இழுத்தால் தடம் நின்றது. நிறுத்துப் பார்த்தால் 400 கிராம்கூட இல்லை. பழத்துக்கும் கேஸுக்கும் ஆன செலவில் கடையில் அதைவிட அதிகம் வாங்கியிருக்கலாம். தக்காளி விலை உச்சத்தில் இருக்கும்போது "வீட்டிலேயே சாஸ் செய்து மிச்சப்படுத்தலாம்" என்று இறங்குவது கைக்காசைக் கரைக்கும் வேலை. மலிவு காலத்தில் செய்யுங்கள், சர்க்கரை இல்லாமல் செய்யலாம் என்பதே அதற்குப் போதுமான காரணம்.

மலிவு என்றால் அழுகல் என்று முடிவுகட்டுவது

விழுதுக்கு நன்றாகப் பழுத்த சிவந்த பழம்தான் வேண்டும், காயாக இருந்தால் நிறம் வராது. அழுகிய பழத்தைக் கலந்தால் பூஞ்சை இழைகள் விழுதில் தங்கிவிடும். காய்ச்சினாலும் அவை மறையாது. நுண்ணோக்கியில் அந்த இழைகளை எண்ணிப் பார்ப்பது தக்காளிப் பொருள்களுக்கான தரச் சோதனைகளில் ஒன்று. கெச்சப்பில் கரைந்த திடப்பொருள் குறைந்தது 25 சதவீதம், சர்க்கரையும் வினிகரும் சேர்க்காத தக்காளிக் கூழான பியூரேயில் 9 சதவீதம் என்று விதியும் இருக்கிறது.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு: லேபிளே இல்லாத கேனில் வந்து, சாலையோரக் கடைகளில் குப்பியில் நிரப்பப்படும் செக்கச் சிவந்த சாஸ். அதில் என்ன இருக்கிறது என்று கேட்க ஒரு முகவரிகூட இராது. குழந்தைகளுக்கு அதைத் தொடவிடாதீர்கள்.

அடுப்படியில் நடப்பவை

கெச்சப்பைச் சாம்பாரிலும் குருமாவிலும் தக்காளிக்குப் பதிலாக ஊற்றாதீர்கள். ஒரு மேசைக்கரண்டிக்குள் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறது, உப்பும் வினிகரும் தனி. வீட்டில் நீரிழிவுக்காரர் இருந்தால் சொல்லவே வேண்டாம், அவர் காபியில் சர்க்கரையை விட்டுவிட்டுக் குழம்பில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். பதிலுக்கு வேண்டியது பியூரே. வாங்குமுன் பின்புறம் பாருங்கள், தக்காளியும் அதிகம் போனால் அமிலச் சீராக்கியும்தான் இருக்க வேண்டும்.

பியூரேயைத் தக்காளியின் அளவுக்கே போடுவதும் அடிக்கடி நடக்கிறது. பழத்தைவிட அது இரண்டு மடங்கு செறிவானது. 200 கிராம் பாக்கெட் ஏறத்தாழ 400 கிராம் தக்காளிக்குச் சமம். பாதி அளவு போட்டு, தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். விலையை ஒப்பிடும்போதும் இந்த 400 கிராமைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் தக்காளி கிலோ 20, 30 விற்கும் நாளில் பியூரே லாபமே இல்லை. 80ஐத் தாண்டினால்தான் அதன் பக்கம் போக வேண்டும். ரசத்துக்கு மட்டும் பியூரே சரிவராது என்பது என் எண்ணம். நாட்டுத் தக்காளியைக் கையால் பிசையும்போது வரும் வாசனை அதில் இல்லை. அந்த நாட்களில் எலுமிச்சை ரசமோ மோர்க்குழம்போ வைத்துவிடலாம்.

பிரித்த பாக்கெட்டை அப்படியே கிளிப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து மறந்துவிடாதீர்கள், சில நாளில் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை கட்டும். சாதா அலுமினியப் பாத்திரத்தில் தொக்கு கிளறவும் வேண்டாம், தக்காளியின் புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். முழுதாகப் பழுக்காத காய்வெட்டுத் தக்காளியை வந்ததும் ஃபிரிட்ஜில் வைத்தால் பழுக்கவும் செய்யாது, மணமும் போய்விடும். காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி வெளியே பரப்பி வைத்து, பழுத்த பின் உள்ளே வையுங்கள்.

எங்கள் வீட்டில் தை, மாசியில் விலை இறங்கும்போது நாட்டுத் தக்காளி 5 கிலோ வாங்குகிறோம். கழுவி, கீறி, வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, அரைத்து, பாதியாக வற்றும்வரை மட்டும் காய்ச்சி ஐஸ் தட்டுகளில் ஊற்றி உறையவைக்கிறோம். கட்டியானதும் பைக்கு மாற்றி, மேலே தேதி எழுதி ஃபிரீசரில் அடுக்கினால் ஆனி, ஆடி வரை வருகிறது. சாம்பாருக்கு இரண்டு கட்டி, குருமாவுக்கு மூன்று.